இமைக்கட்டியை கிளினிக்கிலேயே கீறி எடுக்கலாமா? கோவை வாசகிக்கு ஒரு கண் மருத்துவரின் பதில்

இந்த முறை ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் கோவை கணபதி பக்கம் இருக்கும் 42 வயது வாசகி, பள்ளி ஆசிரியை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தீபாவளி சமயத்தில் அவருடைய வலது மேல் இமையில் சிவந்து வலியோடு ஒரு கட்டி வந்திருக்கிறது. வலி ஒரு வாரத்தில் போய்விட்டது, கட்டி போகவில்லை. மாசி பிறந்த பிறகும் பட்டாணி அளவுக்கு உருண்டையாக அப்படியே நிற்கிறது. நாமக்கட்டி உரசிப் போட்டார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஒரு மாதம் விட்டார், சிவப்பு குறைந்ததே தவிர உருண்டை கரையவில்லை. கடைசியில் கண் டாக்டரிடம் போனால், அவர் பார்த்துவிட்டு "இங்கேயே கீறி எடுத்துடலாம்மா, கால் மணி நேர வேலை, அட்மிஷன் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணில் ஊசி போடுவார்களா, ஆபரேஷன் தியேட்டர்கூட இல்லாத இடத்தில் கத்தி வைக்கலாமா, பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல பார்வை நரம்பு அறுந்துவிடுமா, மாத்திரையிலேயே சரி செய்ய வழி இல்லையா என்று வரிசையாகக் கேட்கிறார்.

அதே கடிதத்தில் மாமியார் பற்றியும் எழுதியிருக்கிறார். வயது 68, சுகர் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு கண்புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். இப்போது மறுபடியும் மங்கல். வேறு ஒரு டாக்டர் "லேசர் அடிச்சா தெளிஞ்சிடும்" என்கிறார். "முதல் ஆபரேஷனை ஒழுங்காகச் செய்யாமல் ஏமாற்றிவிட்டார்களா? புரை திரும்ப வருமா?" என்பது கேள்வி. இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டுக்குமே பணம் தராது என்று சொல்லிவிட்டதாம், அதுவும் ஒரு வருத்தம்.

கடைசியில், போகிற போக்கில், இரண்டே வரி. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் பட்டறையில் இருக்கும் ஒரு பெரியவர் கைக்குட்டை முனையைத் திரித்து எடுத்துவிடுவார். "போன வாரம்கூட எடுத்தார், இடது கண் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறதாம். என் பயத்தைப் பார்த்து, இதுக்குப் போய் டாக்டரா என்று சிரிக்கிறார்."

சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்று பேருடைய கண் இருக்கிறது. நீங்கள் பயப்படுவது உங்கள் இமைக்கட்டிக்கு, கோபப்படுவது மாமியாரின் லேசருக்கு, கணவருடைய உறுத்தலை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். என் கவலை இதற்குத் தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே அவரை உடனே ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லி உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். அவர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், நீங்கள் கேட்ட வரிசையிலேயே போவோம்.

உங்கள் இமையில் இருப்பது என்ன

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது கலேசியான் எனப்படும் இமைக்கட்டியாகத்தான் இருக்க வேண்டும், உங்கள் டாக்டரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். நம் இமைகளுக்குள் வரிசையாக நெய்ச்சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் மட்டும் 30, 40 இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த மைபோம் என்ற மருத்துவர் 1666ல் இவற்றை விவரித்து எழுதினார், அதனால் மைபோமியன் சுரப்பி என்று பெயர். கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்க மேலே ஒரு எண்ணெய்ப் படலம் வேண்டும், அதைத் தருவது இவைதான். சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டியாகித் தேங்கி, சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்து, உடம்பு அதைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிடுகிறது. அந்தக் கூடுதான் உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் உருண்டை.

இதில் இரண்டு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இந்தக் கட்டத்தில் உள்ளே சீழ் பிடிக்கும் கிருமி எதுவும் இல்லை. ஆரம்பத்தில் சிவந்து வலித்தபோது வேறு கதை, இப்போது வலியில்லாத உருண்டை. ஆகவே ஆன்டிபயாடிக் மாத்திரை இதைக் கரைக்காது, "மாத்திரையிலேயே சரி செய்ய முடியாதா" என்ற கேள்விக்குப் பதில் அதுதான். மெட்ராஸ் ஐ மாதிரி ஒட்டிக்கொள்ளவும் செய்யாது, வகுப்பில் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கப் பயப்பட வேண்டாம். இரண்டாவது, கட்டி இருப்பது இமையின் உள்ளே. பார்வை நரம்பு கண் உருண்டையின் பின்பக்கத்திலிருந்து மூளைக்குப் போகிறது. இமையில் கீறுகிற டாக்டரின் கருவி அந்த நரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பக்கத்து வீட்டு அக்கா அக்கறையில் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் பயத்தை நீங்கள் இங்கேயே விட்டுவிடலாம்.

நாமக்கட்டி போட்டதால் பெரிய கெடுதல் நேரவில்லை, பலனும் இல்லை. மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்துதான் எனக்கு உறுத்துகிறது. சிவப்பைச் சீக்கிரம் குறைக்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், வலியே தெரியாமல் ஏறும். நீங்கள் ஒரு மாதம் விட்டிருக்கிறீர்கள். காலி பாட்டில் இருந்தால் அதை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், கண் அழுத்தமும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கீறுவதற்கு முன்னால் என்ன வழி இருக்கிறது

வெதுவெதுப்பான ஒத்தடம். உறைந்த எண்ணெய் இளக வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம், அதனால் அவசர அவசரமாக இரண்டு தடவை ஒற்றினால் ஒன்றும் ஆகாது. சுத்தமான துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், மூடிய இமை மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். அப்புறம் மேல் இமையை மேலிருந்து கீழாக, இமைமுடி இருக்கும் விளிம்பை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, நாலு வாரமாவது. புதிதாக வந்த கட்டிகள் நிறைய இதிலேயே கரைந்துவிடும். உங்கள் கடிதத்தில் ஒத்தடம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் இதை ஒழுங்காகச் செய்து பார்த்தீர்களா என்பதை டாக்டரிடம் நேராகவே பேசுங்கள். மூன்று நாலு மாதமாகக் கெட்டியாகிவிட்ட கட்டி ஒத்தடத்தில் கரையும் வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் அவசரம் எதுவும் இல்லாத விஷயத்தில் இன்னும் சில வாரம் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொரு வழி, கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி. கீற வேண்டாம், கட்டு வேண்டாம் என்பதால் சிலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப் போகலாம், பழைய நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். ஒரே ஊசியில் எல்லோருக்கும் கரைவதும் இல்லை. மிக மிக அபூர்வமாக மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்வையைப் பாதித்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கட்டி கண்ணீர்க் குழாய்க்கு ரொம்பப் பக்கத்தில், மூக்கோரம் இருந்தால் நான் ஊசியை யோசிப்பேன், ஏனென்றால் அங்கே கீறினால் குழாய் சேதமாகலாம். உங்களுடையது நடு இமையில் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே கீறி எடுப்பதுதான் நேரான வழி.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்? கண் போய்விடாது. ஆனால் மேல் இமைக் கட்டி பெரிதாக இருந்தால் கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றிவிடும், எழுத்து இரண்டாகத் தெரிவதுபோல நிழல் விழும். கரும்பலகையில் எழுதும்போது அப்படி ஒரு மங்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், கட்டியை எடுத்து ஒரு மாதமாவது ஆன பிறகு கண்ணாடிக்குப் பவர் பாருங்கள், இப்போதே புதுக் கண்ணாடி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

அந்தக் கால் மணி நேரத்தில் நடப்பது

நிறையப் பேருக்குப் பயம் வருவது என்ன நடக்கும் என்று தெரியாததால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். சில நொடி எரியும், அப்புறம் தொண்டையில் லேசாகக் கசக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே குழாய் இருப்பதால் மருந்து அங்கே இறங்குகிறது, பதற வேண்டாம். பிறகு இமையின் தோலில் ஒரு மெல்லிய ஊசி. கண் உருண்டையில் இல்லை, இமையில். இந்த முழு வேலையிலும் உண்மையாக வலிக்கும் இடம் இது ஒன்றுதான். பல் டாக்டர் ஈறில் போடும் ஊசியைத் தாங்கியிருந்தால் இதையும் தாங்கிவிடுவீர்கள். மருந்து இறங்கும்போது ஒரு அழுத்தம், ஒரு எரிச்சல், அரை நிமிடத்தில் இமை மரத்துவிடும்.

அதன் பிறகு வளையம் வைத்த ஒரு சின்ன இடுக்கியால் இமையைப் பிடித்து உட்புறம் வெளியே தெரியும்படி திருப்புவார்கள். இடுக்கியின் ஒரு பக்கம் தட்டையான தகடு, அது கண் உருண்டைக்கு மறைப்பு. இன்னொரு பக்கம் வளையம், அதற்கு நடுவில் கட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். வளையம் இறுகும்போதே ரத்தக் கசிவும் நிற்கும். இமையின் உட்பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கீறல், அதுவும் மேலும் கீழுமாக, ஏனென்றால் சுரப்பிகள் அப்படித்தான் வரிசையாக நிற்கின்றன, குறுக்கே கீறினால் நல்ல சுரப்பிகளும் அறுபடும். உள்ளே இருக்கும் கூழைச் சின்னக் கரண்டி மாதிரியான கருவியால் சுரண்டி எடுப்பார்கள், கூட்டையும் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். அப்போது இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. தெரிந்தால் கையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம். தையல் பெரும்பாலும் இல்லை. கீறல் உட்புறம் என்பதால் வெளியே தழும்பும் தெரியாது. ஆயின்மென்ட் வைத்து, சில நிமிடம் அழுத்திப் பிடித்து, பேட் போட்டு அனுப்பிவிடுவார்கள், சில மணி நேரத்தில் அதை எடுத்துவிடலாம்.

இந்த மாதிரிக் கண் சிகிச்சைகள் இவ்வளவு சுலபமாக நடக்கக் காரணம் 1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் மரத்துப்போகிறது என்று கண்டுபிடித்ததுதான். உடம்பில் ஒரு இடத்தை மட்டும் மரக்கவைத்து ஆபரேஷன் செய்வது என்ற முறையே கண்ணில்தான் தொடங்கியது. இப்போது கொகெய்ன் கிடையாது, அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன.

போகிற அன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசியைப் பார்த்து மயங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாப்பிடாமல் வந்தவர்கள் என்பது என் அனுபவம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள், பல் டாக்டரிடம் ஊசி போட்டு எப்போதாவது அலர்ஜி வந்தது, எதுவாக இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு கண்ணில் பேட் போட்டால் தூரம் சரியாகத் தெரியாது, ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு யாரையாவது கூட்டிப் போங்கள். மறுநாள் இமை கன்றிப்போய், கொஞ்சம் வீங்கி இருக்கும். ரத்தம் ஒரு சொட்டு கண்ணீரில் கலந்து வரலாம். ஆனால் வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, இமை முழுதும் சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். எடுத்த கட்டி அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தால், புண்ணாகி ஆறாமல் இருந்தால், எடுத்ததைக் கண்டிப்பாக பயாப்ஸிக்கு, அதாவது லேபில் திசுவைச் சோதிக்க, அனுப்ப வேண்டும். இதே நெய்ச்சுரப்பியில் வரும் புற்றுநோய் ஒன்று சாதாரண இமைக்கட்டி மாதிரியே வேஷம் போடும். மேலை நாடுகளில் அபூர்வம், இமைப் புற்றுநோய்களில் நம் நாட்டில் அதன் பங்கு அதிகம், வயதானவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். உங்களுக்கு முதல் தடவை, முடி உதிரவில்லை, வயதும் குறைவு, நீங்கள் இதை நினைத்துக் கலங்க வேண்டாம். ஆனால் 60 வயது தாண்டிய யாருக்காவது கட்டி திரும்ப வந்ததென்று கேள்விப்பட்டால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

தியேட்டர் இல்லாத இடத்தில் செய்யலாமா

செய்யலாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். இமைக்கட்டி, உள்ளே வளரும் இமைமுடியைப் பிடுங்குவது, கண்ணீர்க் குழாயில் தண்ணீர் அடித்து அடைப்பு பார்ப்பது, கருவிழியில் ஒட்டிய தூசியை எடுப்பது, தையல் பிரிப்பது, லேசர், இதெல்லாம் டாக்டரின் அறையிலோ பக்கத்தில் இருக்கும் சின்ன சிகிச்சை அறையிலோ நடப்பவை. கண் உருண்டைக்குள்ளே போகும் வேலை என்றால் கணக்கு மாறிவிடும். சுகர்காரர்களுக்கு விழித்திரை வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள் இல்லையா, அதற்கும் சில நிமிடம்தான் ஆகும், ஆனால் அதை நம் ஊரில் தியேட்டரில் வைத்தே போடுவது வழக்கம், அப்படித்தான் போட்டுக்கொள்ளவும் வேண்டும். நேரம் எவ்வளவு என்பதை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள், கருவி கண்ணுக்குள் நுழைகிறதா என்று பாருங்கள்.

ஆகவே அறையின் அளவைப் பார்க்காமல் வேறு சிலவற்றைக் கேளுங்கள். செய்யப்போவது யார்? எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி. போன்ற கண் மருத்துவப் பட்டம் உள்ளவரா? கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர் நல்ல திறமைசாலியாக இருக்கலாம், இமையைக் கீறுவது அவர் வேலை இல்லை. கருவிகள் ஸ்டெரிலைஸ் செய்த பொட்டலத்திலிருந்து உங்கள் முன் பிரிக்கப்படுகின்றனவா? யாருக்காவது மயக்கம் வந்தால் படுக்கவைத்துப் பார்க்க ஆள், மருந்து இருக்கிறதா? ராத்திரி வலித்தால் யாருக்குப் போன் செய்வது? மொத்தச் செலவு எவ்வளவு, பயாப்ஸி அனுப்பினால் அது தனியா? இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்காதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சின்ன வேலைதானே என்று ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் நம் வழக்கம். 2008ல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பதெல்லாம் சொல்லப்பட்ட பிறகு தரும் சம்மதம்தான் சம்மதம், ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. உங்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லுங்கள். சீட்டு, பில், ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதிமுறைகளிலேயே இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கிளினிக்கில் மனம் ஒப்பவில்லை என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள். பயத்தைத் தள்ளிப்போட்டு ஐந்தாவது மாதம் மறுபடி நாமக்கட்டிக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

மாமியாருக்குப் புரை திரும்ப வரவில்லை

எடுத்த புரை திரும்ப வளராது. முதல் டாக்டர் ஏமாற்றவும் இல்லை. கண்புரை ஆபரேஷனில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறைக்குள்ளேயே புது லென்ஸை வைக்கிறோம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உறையின் ஓரத்தில் சில செல்கள் தங்கிவிடும். அவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லப் படர்ந்து பின்பக்க உறையை மங்கலாக்குகின்றன. நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரும்.

இதற்குத்தான் யாக் லேசர். 1980 வாக்கில் பாரிஸில் டேனியல் ஆரோன் ரோசாவும் ஸ்விட்சர்லாந்தின் பெர்னில் ஃபிரான்ஸ் ஃபான்க்ஹௌசரும் தனித்தனியே உருவாக்கிய முறை இது. அதற்கு முன்னால் இதே உறையைத் திறக்கக் கண்ணுக்குள் கருவி நுழைக்க வேண்டியிருந்தது. இப்போது கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டு, ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) மாதிரியான மெஷினில் தாடையை வைத்து உட்கார வேண்டியதுதான். கண்ணில் ஒரு லென்ஸை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். சிவப்புப் புள்ளி தெரியும், டக் டக் என்று சத்தம் வரும், ஐந்து பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, பேட் இல்லை. ஒரு முறை திறந்த உறை பெரும்பாலும் மறுபடி அடைக்காது.

ஆனால் உங்கள் மாமியாருக்குச் சுகர் இருக்கிறது. மங்கலுக்குக் காரணம் உறைதானா, விழித்திரையில் வீக்கம் இருக்கிறதா என்பதை லேசருக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் லேசர் அடித்தும் பார்வை தெளியாமல் மறுபடி "ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் தோன்றும். "விழித்திரையைப் பார்த்துவிட்டீர்களா?" என்று நீங்களே கேளுங்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். லேசர் முடிந்ததும் கண் அழுத்தம் சிலருக்குச் சில மணி நேரம் ஏறும், அதனால் கொஞ்ச நேரம் உட்காரவைத்து அழுத்தம் பார்த்து அனுப்புவார்கள், அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். சில நாள் கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல இருக்கும், குறைந்துவிடும். நூறில் ஓரிருவருக்கும் குறைவானவர்களுக்கு, பின்னால் விழித்திரை விலகலாம். மின்னல் அடிப்பதுபோலத் தெரிந்தால், பூச்சிகள் திடீரென்று மழையாகக் கொட்டினால், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல இருந்தால் மறுநாள் வரை பார்க்கக் கூடாது. இதை மாமியாரிடம் அவருக்குப் புரியும்படி சொல்லி வையுங்கள், வயதானவர்கள் பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று சொல்லாமல் இருந்துவிடுவார்கள். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும், லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய கார்டையும் எடுத்துப் போங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 24 மணி நேரம் படுக்காவிட்டால் பணம் இல்லை என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது, கண்புரை ஆபரேஷன் மாதிரி அன்றே வீடு திரும்பும் டே கேர் சிகிச்சைகளுக்கு உண்டு. ஆனால் வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை டே கேர் கணக்கில் வராது என்று இன்சூரன்ஸ் விதிமுறையிலேயே இருக்கிறது. இமைக்கட்டி பெரும்பாலும் அதில் மாட்டிக்கொள்ளும். யாக் லேசர் சில பாலிசிகளின் டே கேர் பட்டியலில் இருக்கலாம், உங்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள், மறுத்ததை எழுத்தில் காரணத்தோடு கேளுங்கள். பணத்துக்காக ஒரு நாள் அட்மிஷன் போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது மோசடி.

உங்கள் கணவரின் கைக்குட்டை

இப்போது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். உங்கள் கணவர் சிரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், இந்தப் பகுதியை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

சார், அந்தத் தூள் ஒட்டுவது கருவிழியின் முன்பக்கத் தெளிந்த படலத்தில். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். பெரியவர் கைக்குட்டையால் எடுக்கும்போது தூளோடு மேல்தோலும் உரிகிறது, துணியில் இருக்கும் பட்டறை எண்ணெயும் கிருமியும் அந்தப் புண்ணில் தடவப்படுகிறது. இரும்பு கருவிழியில் சில மணி நேரம் இருந்தாலே துரு இறங்க ஆரம்பிக்கும், தூள் போன பிறகும் சுற்றி ஒரு துரு வளையம் நிற்கும். ஒரு வாரம் கழித்தும் உங்களுக்கு உறுத்துகிறதென்றால் துருவோ, மிச்சத் துணுக்கோ, புண்ணோ அங்கே இருக்கிறது. ஆரோக்கியமான கருவிழியில் மேலாகப் பட்ட காயம் ஓரிரு நாளில் ஆறிவிட வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் இது வெறும் உறுத்தலோடு நிற்காது. 1990களில் மதுரையில் நடந்த ஆய்வில் கருவிழிப் புண்களுக்குக் காரணம் ஏறக்குறைய சரிபாதி பாக்டீரியா, சரிபாதி பூஞ்சை என்று தெரியவந்தது. பூஞ்சைப் புண்ணுக்குச் சாதாரண ஆன்டிபயாடிக் சொட்டு கேட்காது, நட்டாமைசின் என்ற தனி மருந்து வாரக்கணக்கில் விட வேண்டும். அது தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் சிவப்புக்கு என்று கேட்டு ஸ்டீராய்டு சொட்டு விட்டால் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் மனைவி வாங்கிய அந்த மருந்து வீட்டில் மிச்சம் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். எத்தனையோ பேர் நூல் அளவு தூசிக்காக வந்திருக்க வேண்டியவர்கள், வெள்ளைத் தழும்பு விழுந்த பிறகு கருவிழி மாற்று ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்க வருகிறார்கள். வந்தவர்களில் யாருக்கும் முதல் நாள் பெரிய வலி இருக்கவில்லை.

டாக்டர் அறையில் இதை எடுப்பது மிகச் சின்ன வேலை. மரத்துப்போகும் சொட்டு, ஸ்லிட் லாம்பில் தாடையும் நெற்றியும் வைத்து நேராக ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். உருப்பெருக்கி வழியாகப் பார்த்தபடி, சுத்தமான ஊசி முனையால் பக்கவாட்டில் நெம்பி எடுப்போம். துரு இருந்தால் சின்னச் சுழல் கருவியால் சுரண்டுவோம், சில சமயம் மறுநாளும் வரச் சொல்வோம். சொட்டு விட்டதும் வலி மாயமாக மறைவதைப் பார்த்து "அந்த மருந்தையே எழுதிக் கொடுங்க டாக்டர்" என்பார்கள். தர மாட்டோம். மரக்கவைக்கும் மருந்தைத் தொடர்ந்து விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரையும்.

டாக்டரிடம் ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள்: தூள் விழுந்தபோது லேத், கிரைண்டிங் ஓடிக்கொண்டிருந்ததா, சுத்தியலால் இரும்பை இரும்பின் மேல் அடித்துக்கொண்டிருந்தீர்களா? அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு தோட்டா வேகத்தில் வரும், கருவிழியைத் துளைத்து உள்ளேயே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் குறைவாக இருக்கும், உள்ளே கிடக்கும் இரும்பு விழித்திரையை மெல்ல மெல்லக் கெடுக்கும். அப்படிச் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுக்கக் கூடாது, காந்தம் இரும்பை உள்ளே இழுத்துக் கிழித்துவிடும். இப்போதைக்கு என்றில்லை, எப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் லேத் வேலை செய்கிறேன், கண்ணில் தூள் விழுந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பட்டறையில் நீங்கள்தான் முதலாளி என்பதால் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. வேலை செய்பவர்களின் கண்ணுக்குக் கண்ணாடியோ மறைப்போ தர வேண்டும் என்பதை 1948 தொழிற்சாலைகள் சட்டம் 35ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். உங்கள் பட்டறை சட்டத்துக்குள் வராத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் உங்கள் பையன்களின் கண் சின்னதில்லை. பக்கமும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி வாங்குங்கள், புகை படிந்து கீறல் விழுந்தால் மாற்றுங்கள், பார்வைக்குப் பவர் போட்டவருக்கு அதன் மேலேயே மாட்டும் வகை இருக்கிறது. வேர்க்கிறது, மங்குகிறது என்று நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்வதைத்தான் தினமும் கேட்கிறேன். தூள் விழுந்தால் சுத்தமான தண்ணீரில் கண்ணைத் திறந்து திறந்து கழுவலாம், அதில் போகாவிட்டால் தேய்க்காமல், எதையும் வைத்துக் குத்தாமல் நேராகக் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். கைக்குட்டை எடுக்கும் அந்தப் பெரியவரிடமும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்.

சகோதரி, நான் தனியாக அனுப்பிய பதிலுக்குப் பிறகும் உங்கள் கணவர் போகவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் இமைக்கட்டிக்கு அடுத்த வாரம் நாள் குறித்துக்கொள்ளலாம். மாமியாருக்கு விழித்திரை பார்க்கவும் அந்த வாரமே போதும். கணவருடைய இடது கண்ணை மட்டும் இன்றைக்கே காட்டிவிடுங்கள்.